ஃபைட்டர் மீன்: நீங்கள் கேட்டவையும் நான் சொல்வதும்

போன இதழில் வண்ண மீன் வளர்ப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபைட்டர் மீன் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

அக்கா, என் மகன் பிறந்தநாளுக்கு ஒருவர் ஃபைட்டர் மீனைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். மோட்டார் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துனா போதும்னு சொன்னார். அப்படியே செய்கிறோம். முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. கிட்டே போனால்கூட அசைவதில்லை. – வாசகி, திருச்சி

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் வைத்திருந்ததோ, குளோரின் போக்கும் மருந்து சொட்டு விட்டதோ எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை மொண்டு வெளியே ஊற்றி, அதே அளவு புதுத் தண்ணீரை மெதுவாகச் சேருங்கள். நாளைக்கும் அதே. நாளை மறுநாளும். மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்து, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் மீனைப் போடும் வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சூடு, உப்பு, காரத்தன்மை எல்லாம் ஒரே நொடியில் மாறும்போது மீனுக்கு அது பெரிய அதிர்ச்சி. மூன்று நாளைக்கு ஒரு தடவை அந்த அதிர்ச்சியை உங்கள் மீன் வாங்கியிருக்கிறது.

இந்த மீன் கிண்ணத்திலும் பாட்டிலிலும் சாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர் பனையேறிக் கெண்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற அதிகாரி 1791-ல் ஒரு பனைமரத்தில் அந்தக் கெண்டை ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதி வைத்தார். அந்த மீனால் தண்ணீருக்கு வெளியே அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிவது எப்படி? செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ரத்த நாளங்கள் நிறைந்த ஓர் உறுப்பு அதற்கு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஃபைட்டருக்கும் அதே உறுப்புதான். உங்கள் மீன் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு கீழே போகும், கவனித்துப் பாருங்கள்.

ஆகவே தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் அது மூச்சுத் திணறாது. அதை வைத்துத்தான் கடைகளில் கப்பிலும் கவரிலும் வைத்து விற்கிறார்கள். சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போனால் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒவ்வொன்றாக நிற்பதைப் பார்க்கலாம். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்பதால் தனித்தனியாக வைக்கிறார்கள். விற்கும் வரை நாலு நாள் இருப்பதற்கு அது சரி. வீட்டில் மூன்று வருடம் இருப்பதற்குச் சரியில்லை. காற்றை மேலே வந்து வாங்கிக்கொள்ளலாம், ஆனால் தன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவிலிருந்து அது எங்கே போய்த் தப்பிக்கும்? ஒரு லிட்டர் கிண்ணத்தில் அது இரண்டே நாளில் சேர்ந்துவிடும். செவுளை எரிக்கும். மீன் துவண்டு அடியில் படுக்கும். நீங்கள் பார்ப்பது அநேகமாக அதுதான்.

இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்துப் பக்கம். வயல், வாய்க்கால், செடி அடர்ந்த மெல்ல ஓடும் தண்ணீர். அங்கே இதற்குப் பெயர் 'பிளா கட்', கடிக்கும் மீன் என்று அர்த்தம். 2019-ல் அந்த நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டார்கள். வயலில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக்கூட இல்லாவிட்டாலும் பரப்பு பெரிது, செடி நிறைய. "சேற்றுக் குழியில் இருக்கிற மீன்தானே, கிண்ணம் போதும்" என்று சொல்பவர்கள் அந்த வயலின் பரப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்குங்கள். முழுக்க நிரப்பினால் 28 லிட்டர், மேலே இரண்டு அங்குலம் விட்டால் 23 லிட்டர் சொச்சம். ஒரு ஃபைட்டருக்கு இது தாராளம். கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 30 கிலோவுக்கு மேல் கனக்கும், அதனால் புத்தக அலமாரித் தட்டில் வைக்காதீர்கள். கெட்டியான மேசை, தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட், நேர் வெயில் படாத இடம். ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர். காற்றுக் குழாயில் ஒரு வால்வு போட்டு, குமிழ் மெல்ல வரும்படி குறைத்து வையுங்கள். நீண்ட துடுப்பு உள்ள மீனால் ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. மூடி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இது குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் அந்த இரண்டு அங்குலக் காற்று இருக்கட்டும், ஓரத்தில் சின்ன இடைவெளியும் இருக்கட்டும்.

உங்கள் மகனிடம் தொட்டி வைக்கும் வேலையைக் கொடுங்கள். பரிசாக வந்தது அவனுக்குத்தானே.

புது டேங்க் வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. தண்ணீர் பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. முழுசாக மாற்றினேன், மறுபடியும் அப்படியே ஆகிறது. கடையில் ஏதோ சொட்டு மருந்து கொடுத்தார்கள், அதற்கும் சரியாகவில்லை. – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, முழுசாக மாற்றாதீர்கள். மாற்ற மாற்ற அது முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

வீட்டில் தயிர் எப்படித் தோய்க்கிறார்கள்? பாலில் உறைமோர் ஊற்றி ஒரு ராத்திரி அசைக்காமல் வைக்கிறார்கள். தொட்டியும் அப்படித்தான் 'உறைய' வேண்டும். மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது ஓரளவு சேரும் வரை மீனுக்கு ஒன்றும் செய்யாது. இந்த இரண்டு கூட்டமும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளர்வதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். இப்போது வெள்ளையாகத் தெரிவது வேறு வகை பாக்டீரியா, புதுத் தொட்டியில் திடீரென்று பெருகுவது. தானாக அடங்கிவிடும்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பல மாதமாக ஓடுகிற, நோயில்லாத தொட்டி வைத்திருந்தால், அவருடைய ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கேளுங்கள், அல்லது அவர் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிடச் சொல்லுங்கள். கறுப்பாக, பார்க்கவே அழுக்காக வரும். அதுதான் உறைமோர். ஈரம் காயாமல் அன்றைக்கே கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். ஆறு வாரம் என்பது சில சமயம் ஒரே வாரமாகக் குறைந்துவிடும்.

மீன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், உணவைப் பாதியாகக் குறையுங்கள். அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கினால் நல்லது. இந்தத் துறையில் செலவு செய்ய வேண்டிய பொருள் என்றால் அலங்காரப் பாறைக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். இன்னொன்று, ஃபில்டர் ஸ்பாஞ்சை ஒருபோதும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தரம் அமுக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள், போதும். குழாயில் வரும் குளோரின் இத்தனை நாள் வளர்ந்ததை ஒரு நிமிடத்தில் கொன்றுவிடும்.

எங்கள் பகுதியில் மெட்ரோ வாட்டர் ஒரு நாள், லாரி ஒரு நாள், மற்ற நாள் போர். மீனுக்கு எதை ஊற்றுவது? கேன் தண்ணீர் சுத்தம்தானே, அதையே ஊற்றலாமா? – வாசகர், மடிப்பாக்கம், சென்னை

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் என்றால் வேண்டாம். நாம் குடிப்பதற்காக அதில் உப்பெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். மீனுக்குக் கொஞ்சம் தாது உப்பு வேண்டும், அது இல்லாவிட்டால் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, நிலையாக நிற்காது, சட்டென்று இறங்கிவிடும்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் போக்கும் மருந்து. சோடியம் தயோசல்ஃபேட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள், கற்கண்டு மாதிரி இருக்கும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கடினத்தன்மை அதிகம். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா, அது. ஃபைட்டர் கொஞ்சம் கடின நீரையும் பழகிக்கொள்ளும், அதிலும் நம் ஊர்ப் பண்ணையில் வளர்ந்தது பழகியே வந்திருக்கும். ரொம்பவும் உப்புக் கரித்தால் பாதி போர், பாதி ஆர்.ஓ. கலந்துகொள்ளுங்கள்.

மீன் எந்தத் தண்ணீரையும் பழகிக்கொள்ளும், தினம் ஒரு தண்ணீரைத்தான் பழகிக்கொள்ளாது. ஒன்றை முடிவு செய்து, அதிலேயே ஒரு பெரிய டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பக்கெட்.

அப்புறம், உங்கள் தெருவிலேயே நாட்டு வாதுமை மரம் இருக்கும். பெரிய இலை, உதிர்வதற்கு முன் செம்மண் நிறமாகும், சின்னப் பிள்ளைகள் கல்லால் அடித்துக் கொட்டை தின்பார்களே, அந்த மரம். தானாக உதிர்ந்து காய்ந்து பழுப்பான இலையை எடுத்து, கழுவி, தொட்டியில் ஒன்று போடுங்கள். முதல் நாள் மிதக்கும், பிறகு ஊறி இறங்கும். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அது அழுக்கில்லை. இலையிலிருந்து இறங்கும் டானின், பி.எச்.-ஐக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், பூஞ்சையையும் அண்டவிடாது. தாய்லாந்துப் பண்ணைக்காரர்கள் காலங்காலமாக இந்த இலையைத்தான் போடுகிறார்கள். சாலைப் புகை படியும் இடத்திலோ, பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்திலோ பொறுக்க வேண்டாம். இதே இலையைக் கவரில் போட்டு விலைக்கு விற்கிறார்கள், மரம் வாசலில் இருக்கும்போது வாங்க வேண்டியதில்லை.

எங்கள் மாமியார் தினமும் பொரியும் சாதமும் போடுகிறார். "பாவம், பசியோடு பார்க்கிறது" என்கிறார். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்கு வேறு போகிறோம். என்ன செய்யலாம்? – வாசகி, ஈரோடு

பார்க்கத்தான் செய்யும். ஃபைட்டர் ஆளைக் கண்டால் கண்ணாடி ஓரம் வந்து உடம்பை ஆட்டும். வயிறு நிறைந்திருந்தாலும் ஆட்டும். உங்கள் மாமியாரின் மனசு புரிகிறது, அவரிடம் சண்டை போடாமல் வேறு வழி செய்யலாம்.

இது பூச்சி தின்கிற மீன். அரிசியும் பொரியும் அதற்குச் செரிக்காது, வயிறு உப்பும், மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். அதன் கண்ணைப் பாருங்கள், வயிறும் கிட்டத்தட்ட அந்தக் கண் அளவுதான். ஃபைட்டருக்கென்று விற்கும் சின்ன உருண்டை உணவில் காலை இரண்டு மூன்று, மாலை இரண்டு மூன்று. ஒவ்வொன்றாகப் போட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்தது. வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் வேண்டாம். வாரம் ஒன்றிரண்டு தடவை உறைய வைத்த ரத்தப்புழுவோ, ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையோ கொடுக்கலாம். சாக்கடை ஓரம் பிடித்து உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம், நோய் அதோடு சேர்ந்தே வரும். கொசுப்புழு இதற்கு அமிர்தம். மழைத் தண்ணீரில் கிடைத்தால் நாலைந்து பிடித்துப் போடுங்கள், உடனே தின்றுவிடும். ஆனால் மீனுக்காக வீட்டில் கொசுப்புழு வளர்க்கக் கூடாது. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

மாமியாருக்கு: திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒரு காகிதப் பொட்டலம், மாத்திரை மடிப்பது போல, உள்ளே ஐந்து உருண்டை. "இன்றைக்கு இது உங்கள் வேலை" என்று கையில் கொடுத்துவிடுங்கள். நான் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் இப்படித்தான் கொடுத்துவிட்டுப் போகிறேன். முதல் தடவை டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்தபோது தொட்டியின் அடியில் ஒரு விரல்கடைக்கு உணவு ஊறிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. மீனைக் காப்பாற்றப் பத்து நாள் ஆனது.

நாலு நாளுக்கு உண்மையில் பொட்டலம்கூடத் தேவையில்லை. நல்ல ஆரோக்கியமான வளர்ந்த மீன் நாலு நாள் சாப்பிடாமல் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டுப் போங்கள். விடுமுறைக்கென்று விற்கும் கரையும் உணவுக்கட்டி வேண்டாம்.

தனியாக இருக்கிறதே, இன்னொரு ஃபைட்டர் விடலாமா? பெண் மீன்? இல்லாவிட்டால் கப்பி? – வாசகர், காரைக்குடி

இன்னொரு ஆண், கூடவே கூடாது. பெண்ணும் கூடாது, முட்டையிட வைக்கும் சில மணி நேரம் தவிர. கப்பியின் வண்ண வாலைப் பார்த்து வேறொரு ஆண் ஃபைட்டர் என்று நினைத்துத் துரத்தும். அதற்குத் தனிமை ஒரு குறையில்லை, தன் எல்லையில் இன்னொருவர் இல்லை என்றால்தான் நிம்மதி. துணை வேண்டும் என்று உங்களுக்கு ஆசையிருந்தால் ஒன்றிரண்டு நத்தை விடுங்கள், அதன் உணர்கொம்பையும் சில மீன்கள் கடிக்கும் என்பதால் முதல் நாள் கவனியுங்கள். செடி வையுங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டுக்கும் அதிக வெளிச்சம் வேண்டாம். வீட்டிலிருக்கும் மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீருக்குள் இறக்கி, இலையை வெளியே விடலாம். நைட்ரேட்டை அது இழுத்துக்கொள்ளும், மீனும் வேருக்குள் புகுந்து புகுந்து வரும்.

கண்ணாடி காட்டுவதைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். செவுளை விரித்துச் சீறுவது பார்க்க அழகுதான், ஆனால் அதற்கு அது நிஜச் சண்டை. எப்போதாவது இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரியில் விளக்கைப் போட்டு வைத்தால் தொட்டிக் கண்ணாடியிலேயே தன் உருவம் தெரிந்து மணிக்கணக்காகச் சீறிக்கொண்டிருக்கும், அதையும் பாருங்கள். விளக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போதும்.

குன்னூரில் இருக்கிறோம். ஃபைட்டர் வாங்கலாமா? – வாசகி

ஹீட்டர் வாங்குவதாக இருந்தால் வாங்கலாம். இதற்கு 25 முதல் 28 டிகிரி வரை வேண்டும். உங்கள் ஊரில் ஹீட்டர் இல்லாமல் வைத்தால் சாப்பாடு செரிக்காது, சும்மா ஒரு மூலையில் நிற்கும், சீக்கிரம் வெள்ளைப்புள்ளி நோய் வரும். 25 லிட்டருக்கு 50 வாட்ஸ், தானாக அணைந்து எரியும் வகை. கூடவே ஒரு தெர்மாமீட்டர், ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு வருடத்தில் பெரும்பாலான நாள் ஹீட்டர் தேவைப்படாது. ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் தொட்டி வைப்பவர்களுக்குத் தேவைப்படும்.

வால் ஓரமெல்லாம் கிழிந்து கிழிந்து வருகிறது. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். எத்தனை சொட்டு விடலாம்? – வாசகர், மதுரை

மருந்து பாட்டிலை மூடி வைத்துவிட்டு, ஒரு டார்ச்சை எடுத்து வாலைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நேர்க்கோடாகக் கிழிந்து, ஓரம் நிறம் மாறாமல் இருந்தால் எதிலோ மாட்டிக் கிழிந்தது. பிளாஸ்டிக் செடியாக இருக்கலாம். பழைய நைலான் துணி ஒன்றை எடுத்து அந்தச் செடியின்மேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் துடுப்பும் மாட்டும். ராத்திரிக்குள் பிறை வடிவத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் அதுவே கடித்துக்கொண்டது. ஓட்டம் அதிகமாக இருந்தாலோ, தொட்டி சின்னதாக இருந்தாலோ, துடுப்பு ரொம்பக் கனமான ஹாஃப்மூன் வகையாக இருந்தாலோ இப்படிச் செய்யும். ஓரம் கறுத்தோ, வெள்ளையாகப் பஞ்சு போலவோ, சிவந்தோ இருந்து, நாளுக்கு நாள் உள்ளே உள்ளே கரைந்து வந்தால்தான் துடுப்பு அழுகல். நாலாவதும் ஒன்று உண்டு, வாங்கியதே கிரௌன்டெயில் வகையாக இருந்து, அதன் வால் பிறவியிலேயே சீப்புப் பல் மாதிரி இருக்க, கிழிந்துவிட்டது என்று பயந்து போய் எழுதுபவர்கள்.

மூன்றுக்கும் முதல் மருந்து சுத்தமான தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு, இரண்டு வாரம். அழுகலாக இருந்தால் தனி டப்பாவில் 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, முதலில் தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தினமும் தண்ணீர் மாற்றி அதே அளவு உப்போடு ஒரு வாரம் பத்து நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். செடி இருக்கும் தொட்டியில் உப்பு போடாதீர்கள். உப்புக்கும் கேட்காமல் உடம்பு வரை வந்துவிட்டது என்றால்தான் மருந்து, அதுவும் மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டு.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என் இரண்டாவது ஃபைட்டரை நான் மருந்தால்தான் இழந்தேன். அடர்சிவப்பு, பின்னங்கழுத்தில் மட்டும் கொஞ்சம் நீலம். வால் நுனி கறுத்திருந்தது. கடையில் கொடுத்த பாட்டிலில் அளவே எழுதியிருக்கவில்லை, "தண்ணி நல்லா நீலமாகிற வரைக்கும் விடுங்க" என்றார்கள். விட்டேன். அந்த மருந்து நோய்க்கிருமியோடு சேர்த்து ஸ்பாஞ்சில் இருந்த நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிட்டது, அம்மோனியா ஏறியது. மூன்றாம் நாள் காலை அது இலையின்மேல் சாய்ந்து கிடந்தது. வால் அழுகலால் அது செத்திருக்காது.

சரியாகி வரும்போது வால் ஓரத்தில் கண்ணாடித் தாள் மாதிரி நிறமில்லாத ஒரு விளிம்பு தெரியும். அது புதுத் துடுப்பு. நிறம் மெல்ல வரும்.

தண்ணீர் மேலே நுரை நுரையாகக் கட்டி வைத்திருக்கிறது. நோயா? ஜோடி கேட்கிறதா? – வாசகி, கும்பகோணம்

நோயில்லை. அது கூடு. வயது வந்த ஆண் மீன் காற்றை விழுங்கி, எச்சிலில் பூசி, குமிழ் குமிழாகத் துப்பி அடுக்கும். பெண் இல்லாவிட்டாலும் கட்டும். கட்டினால் மகிழ்ச்சி, கட்டாவிட்டால் துக்கம் என்றெல்லாம் கணக்கு வேண்டாம், சில மீன்கள் கட்டுவதே இல்லை. தண்ணீர் மாற்றும்போது முடிந்தவரை கலைக்காமல் ஊற்றுங்கள்.

ஜோடி சேர்ப்பதைப் பற்றி: பார்க்க வேண்டிய காட்சிதான், அதை மறுக்க மாட்டேன். தயாரான பெண் மீனின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரியும். ஆண், கூட்டுக்கு அடியில் அதை வளைத்து அணைக்கும், பத்து இருபது வெள்ளை முட்டைகள் ரவை மாதிரி உதிர்ந்து கீழே இறங்கும். அணைப்பு விட்டதும் அப்பா கீழே பாய்ந்து, தரையைத் தொடுவதற்குள் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி, மேலே வந்து குமிழுக்குள் வைக்கும். மறுபடி அணைப்பு, மறுபடி பொறுக்கல். சில மணி நேரம் இதே வேலை. முடிந்ததும் பெண்ணை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முட்டையைத் தின்ன வந்தது என்று ஆண் அதைக் கொன்றேவிடும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, குஞ்சுகளின் வால் மட்டும் கூட்டிலிருந்து ஊசி நுனி போலத் தொங்கும். ஒன்று நழுவி விழுந்தால் அப்பா போய் எடுத்து வந்து திரும்ப வைக்கும். குஞ்சுகள் நேராக நீந்த ஆரம்பித்ததும் அப்பாவையும் எடுத்துவிட வேண்டும்.

அதுவரை அழகு. அதற்கப்புறம் நூறு, இருநூறு குஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் உணவு, அப்புறம் அன்றன்றைக்குப் பொரித்த ஆர்ட்டீமியா, இரண்டு மூன்று மாதத்தில் ஆண்களுக்கு ஆளுக்கொரு தனி டப்பா, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் மாற்றுவது. இதற்கு இடமும் நேரமும், வாங்கிக்கொள்ள ஆட்களும் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் கூட்டைப் பார்த்து ரசியுங்கள், போதும்.

வெளிநாடு போகிறோம். மீனை எங்கள் ஊர் ஏரியில் விட்டுவிடலாமா? சுதந்திரமாக இருக்குமே. – வாசகர், புதுச்சேரி

தயவுசெய்து வேண்டாம். அந்த நீளத் துடுப்பும் பளிச்சென்ற சிவப்பும் மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து உண்டாக்கியது. ஏரியில் ஒரு மீன்கொத்திக்கும் விராலுக்கும் அது முதல் நாள் சாப்பாடு. தப்பிப் பிழைத்தால் அதைவிடச் சிக்கல், வெளியூர் மீனும் அதன் நோயும் நம் தண்ணீருக்குள் வந்துவிடும்.

நீங்கள் புதுச்சேரி என்பதால் ஒன்று சொல்கிறேன். ஃபைட்டரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீன் உங்கள் ஊர் வாய்க்காலிலேயே இருக்கிறது. விரல் நீளம், கூர்மையான வால், பழுப்பு நிறம். அதுவும் காற்றை விழுங்கும், அதுவும் குமிழ்க் கூடு கட்டும். 1831-ல் பிரெஞ்சு அறிஞர் கூவியேயின் நூலில் அதை விவரித்தபோது கிடைத்த இடம் அரியாங்குப்பம் ஆறு, அந்தக் 'குப்பம்'தான் அதன் அறிவியல் பெயரில் 'குபானஸ்' என்று இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெல்வயல், குட்டை, உப்பங்கழி ஓரம் என்று வாழ்கிறது. நாம் கொண்டுபோய் விடும் மீனின் நோய் முதலில் தாக்குவது இந்த மாதிரிச் சொந்தக்காரர்களைத்தான்.

தொட்டியோடு, உணவோடு, ஒரு தாளில் "வாரம் ஒரு பக்கெட், நாளைக்கு ஐந்து உருண்டை" என்று எழுதி, மீன் வளர்க்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடமாக இருக்கிற மீன். நிறம் மங்கிவிட்டது. முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் நாள் முழுக்கத் தூங்குகிறது. என்ன மருந்து? – வாசகி, நாகர்கோவில்

மருந்து ஒன்றும் இல்லை அம்மா. அதற்கு வயதாகிவிட்டது. இந்த மீன் பொதுவாக மூன்று, நாலு வருடம் இருக்கும். கடையில் வாங்கும்போதே அதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஆகவே உங்கள் மீன் நன்றாகவே வாழ்ந்திருக்கிறது.

மேலே வந்து காற்று வாங்குவதுதான் இப்போது அதற்குப் பெரிய வேலை. தண்ணீரைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். ஆனால் அளவு குறைவதால் அழுக்கு சீக்கிரம் சேரும், அதனால் வாரம் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஃபில்டர் குமிழை இன்னும் மெதுவாக்குங்கள். உருண்டை உணவை ஒரு நிமிடம் ஊற வைத்து, அது இருக்கும் இடத்துக்கு நேர் மேலே போடுங்கள், தேடி அலைய விடாதீர்கள். கண் பார்வை மங்கியிருக்கும், அதனால் கல்லையும் செடியையும் இடம் மாற்றாதீர்கள்.

அகலமான இலை ஒன்றை, அனுபியாஸ் இருந்தால் நல்லது, ஒரு சின்னக் கல்லில் நூலால் கட்டித் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே வருமாறு வையுங்கள். அதன்மேல் படுத்துக்கொண்டே, தலையைக் கொஞ்சம் தூக்கினால் காற்று எட்டும். என்னிடம் இருந்த வயதான மீன் கடைசி நாலு மாதம் அந்த இலையில்தான் இருந்தது. நான் காலையில் ஜன்னல் திரையை விலக்கும்போது ஒரு பக்கத் துடுப்பை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.